மெதுவாகப் போனாலும் விழும்

விமானம் மெட்ராஸை விட்டுக் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் கேப்டன் ஒலிபெருக்கியில் பேசினார். முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில், மணிக்குத் தொள்ளாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறோமாம். குரலில் கொஞ்சம்கூட வெட்கம் இல்லை. நான் திருச்சியில் பிரேக் இன்ஸ்பெக்டர். வேகப்பூட்டை உடைத்துவிட்டுப் பறக்கிற பஸ்களையும் லாரிகளையும் மடக்கிப் பிடித்தே தலை நரைத்தவன். தன் வேகத்தைத் தானே மைக் போட்டு ஒப்புக்கொண்ட டிரைவரை அன்றைக்குத்தான் முதன்முதலில் சந்தித்தேன்.

பழரசம் கொண்டுவந்த பணிப்பெண்ணிடம், "இதற்கு மேல் போகக் கூடாது என்று இந்த வண்டிக்கு யாராவது எல்லை வைத்திருக்கிறார்களா?" என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு தம்ளர் பழரசம் கொடுத்தாள். பதில் தெரியாதவர்கள் எதையாவது கொடுத்து வாயை அடைப்பது எங்கள் ஊர் பஸ் கம்பெனிகளிலும் உண்டு. நான் தம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

என் தங்கை சரோஜாவின் மகள் மீனாவுக்குக் கோலாலம்பூரில் ஒரு வரன் வந்திருந்தது. பையன் பெயர் ரவீந்திரன், விமானத்தில் துணை பைலட். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். அவன் தாத்தா காலத்திலேயே துறையூர்ப் பக்கத்திலிருந்து மலாயா ரயில்வேக்குப் போன குடும்பம். தொப்பி போட்ட போட்டோ ஒன்று அனுப்பியிருந்தார்கள். மீனா அதை எடுத்து எடுத்துப் பார்க்கிறாள் என்று சரோஜா சொன்னபோதே எனக்குச் சுருக்கென்றது. தொப்பி யார் வேண்டுமானாலும் போடலாம். வெளிநாட்டில் என்ஜினியர் என்று சொல்லிக் கட்டிக்கொண்டு போனவன் அங்கே லிப்ட் ஓட்டுகிறான் என்று ஆறு மாதம் கழித்துத் தெரிந்துகொண்ட குடும்பம் எங்கள் தெருவிலேயே இருக்கிறது. மீனாவுக்குத் தகப்பன் இல்லை. தாய்மாமன் நான்தான் போய்ப் பார்த்துவர வேண்டும்.

சனிக்கிழமை வருகிறேன் என்று எழுதிவிட்டு வியாழக்கிழமையே போய் இறங்கினேன். பஸ் டெப்போக்களை நான் சோதனை செய்கிற முறை அது. சொன்ன நாளில் போனால் எல்லா வண்டிக்கும் பிரேக் பிடிக்கும்.

சுபாங் விமான நிலையத்தில் ஒரு தமிழ் டாக்சிக்காரர் மாட்டினார். ஏறுவதற்கு முன் குனிந்து டயரைப் பார்த்தேன். வழுக்கைத் தலைபோல இருந்தது.

"என்ன அண்ணே, போலீஸா?" என்றார்.

"போலீஸ் இல்லை. சும்மா பார்த்தேன்."

"சும்மா யாரும் டயர் பாக்க மாட்டாங்கலா. எங்க, பிரிக்ஃபீல்ட்ஸா? ஏறுங்க, மெதுவாவே போறேன்."

பேச்சின் வாலில் ஒரு 'லா' போடுவது அந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது. சொன்னபடி மெதுவாகத்தான் போனார். மெதுவாகப் போகிற டிரைவர் நல்ல டிரைவர். முப்பது வருஷமாக நான் நம்பிவந்த ஒரே விஷயம் அதுதான்.

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் ஒட்டுவரிசை வீடுகளில் ஒன்று அவர்களுடையது. பையனின் அம்மா பாக்கியம் கதவைத் திறந்தார். என்னை இன்னார் என்று சொன்னதும் கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டே நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால், கைலி கட்டிக்கொண்டு, மாப்பிள்ளைப் பையன் நாற்காலியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தான். வேலை நாள், பட்டப்பகல்.

"அவனுக்கு லீவுண்ணே," என்றார் பாக்கியம்.

நான் இன்னும் எதுவும் கேட்கவே இல்லை. கேட்பதற்கு முன்னால் வருகிற பதிலைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். லைசென்ஸ் எங்கே என்று கேட்கும் முன்பே, வீட்டில் இருக்கிறது என்று சொல்கிற டிரைவரிடம் லைசென்ஸ் இருந்ததே இல்லை.

சாப்பாடு நன்றாக இருந்தது. சோற்றோடு நெத்திலிச் சம்பல். எங்கள் வீட்டுக் குழம்பில் இல்லாத ஒரு தித்திப்பு அதில் இருந்தது. காரத்துக்கு அடியில் எதற்குச் சீனி என்று யோசித்துக்கொண்டே சாப்பிட்டேன். ரவி எழுந்து எனக்குத் தண்ணீர் ஊற்றினான். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை கை கழுவாமல் காத்திருந்தான். இவ்வளவு மரியாதையா என்று அதையும் கணக்கில் வைத்துக்கொண்டேன். உள்ளறைக் கதவில் அவனுடைய யூனிஃபார்ம் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கியது. தோளில் பட்டைகள் இருந்தன. உறையின் மேல் மெல்லிசாகத் தூசு.

மறுநாள் காலை, கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு விசாரணையில் இறங்கினேன். பையனைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பது நம் ஆட்கள் எல்லாரும் செய்வது. இங்கேயும் அது தெரிந்திருக்கிறது. ரொட்டி சானாய் போடுகிற கடையில், மாவை வீசி வீசி விரித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். "ரவியா? நல்ல பையன்லா." பூக்கடைக்கார அம்மாவிடம் கேட்டேன். "நல்ல பையன்." முடிதிருத்தகத்தில் கேட்டேன். "நல்ல பையன், பாஸ்." மூன்று பேரும் சொல்லிவைத்த மாதிரி சொன்னார்கள், சொல்லிவிட்டு மூன்று பேருமே வேறு பக்கம் பார்த்தார்கள். எங்கள் ஊரில் ஒருவனைப் பற்றிக் கேட்டால் அவன் பாட்டன் திருடிய ஆடு முதல் ஆரம்பிப்பார்கள். இங்கே ஒரே வரியில் முடிக்கிறார்கள். என்னவோ இருக்கிறது.

நேராக விமான நிலையத்துக்கே போய்க் கேட்டுவிடலாம் என்று ஒரு மினிபஸ்ஸில் ஏறினேன். அதுதான் அங்கே போகும் என்று பூக்கடை அம்மா சொல்லியிருந்தார். ரோஸ் நிறத்தில் தீப்பெட்டி மாதிரி ஒரு பஸ். அதற்குள் கல்யாண வீட்டு அளவுக்குக் கூட்டம். டிரைவர் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையால் காசு வாங்கினான். திருச்சியாக இருந்தால் அந்த இடத்திலேயே வண்டியை ஓரங்கட்டியிருப்பேன். இங்கே எனக்கு அதிகாரம் இல்லை என்பதால் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சத்தமாக மூச்சுவிட்டேன். கொஞ்ச தூரத்தில் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. பஸ் இருமி நின்றது. ஒருவரும் சத்தம் போடவில்லை. எல்லாரும் இறங்கி நிழலில் நின்றார்கள்.

என் பக்கத்தில் நின்றவர் மாணிக்கம் என்று ஒரு ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு. ரவியின் அப்பா ரயில் என்ஜின் ஓட்டியவராம். அவரோடு பல வருஷம் வேலை பார்த்திருக்கிறார். நின்றுபோன பஸ் அருகில் நிற்கிறவர்களுக்கு வாய் தானாகத் திறக்கும். நான் ரவி பெயரை மட்டும் எடுத்தேன்.

"நல்ல பையன்லா. அப்பன் செத்த பொறவு அந்த ராஜநாயகம் கேப்டன்தான் தூக்கிவிட்டாரு. பாவம், இப்ப பிளேன் ஓட்ட விடறது இல்ல. வீட்டுலதான் இருக்கான்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "அய்யோ, பாஸ், உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும். ஏன் ஓட்ட விடுவதில்லை என்றுதான்..."

"எனக்கு எப்படித் தெரியும்? நான் கீழ ஓடற வண்டியில வேலை பாத்தவன்." அதோடு வாயை மூடிக்கொண்டார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. லீவு என்று சொல்லிவிட்டு, வண்டியை விட்டு இறக்கப்பட்டவனை எங்கள் பெண் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். ஒரு டிரைவரை எதற்கு இறக்குவார்கள்? எனக்குத் தெரிந்து இரண்டே காரணம்தான்: குடி, இல்லையென்றால் கண். வீட்டுக்குத் திரும்பியதும் ரவி அருகில் போய் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். சோப்பு வாசம். எதிர்வீட்டுக் காலண்டரைக் காட்டி, என்ன தேதி போட்டிருக்கிறது என்று கேட்டேன். தேதியோடு அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தான். அப்படியானால் மூன்றாவதாக ஏதோ ஒன்று, எனக்குத் தெரியாத ஒன்று. பயம் அப்போதுதான் வந்தது.

சனிக்கிழமை பக்கத்து ஊரான கிள்ளானில் கேப்டன் வீட்டில் மதியச் சாப்பாடு. இது நான் வரும் முன்பே அவர்கள் ஏற்பாடு செய்து வைத்திருந்தது. கேப்டன் ராஜநாயகம் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவர் அப்பா ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த ஸ்டேஷனில்தான் ரவியின் அப்பா என்ஜின் ஓட்டியிருக்கிறார். ரவியின் படிப்பு, பயிற்சி எல்லாவற்றுக்கும் பின்னால் நின்றவர். பாக்கியம் தலைவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். ரவிதான் காரை ஓட்டினான். எனக்கு அது வசதி. அவனுக்குத் தெரியாமல் அவனுக்கு ஒரு லைசென்ஸ் டெஸ்ட் வைத்தேன்.

கண்ணாடி பார்த்தான். பெல்ட் போட்டான். கியர் மாற்றுவது தெரியவே இல்லை. எல்லாம் சரி. ஆனால் ஒரு விசித்திரம்: வழியெல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டே வந்தான், என்னோடு அல்ல.

"பச்சை," என்றான் சிக்னலில். "இடது பக்கம் மோட்டார்சைக்கிள்." கொஞ்ச நேரம் கழித்து, "முன்னால லோரி, மெதுவா போகுது." அப்புறம், "எழுபது. குறைக்கிறேன்."

குடியில்லை, கண்ணில்லை, இதுதானா விஷயம்? தனக்குத்தானே பேசுகிறவனுக்கா மீனா?

"தம்பி, யார்கிட்டப் பேசறீங்க?" என்றேன், முடிந்தவரை சாதாரணமாக.

"சாரி அங்கிள். பழக்கம். பிளேன்ல பார்க்கறதையெல்லாம் வாயால சொல்லணும். பக்கத்துல இருக்கறவருக்கும் தெரியணும் இல்ல?" அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் வந்தான். பிறகு மறந்துபோய், "வலது பக்கம் ஸ்கூல்," என்றான்.

கேப்டன் வீடு பெரியது. கேப்டன் அதைவிடப் பெரியவர். வாசலிலேயே என் கையைப் பிடித்துக் குலுக்கி, "வாங்கோ, வாங்கோ" என்று தோளில் கைபோட்டு அழைத்துப் போனார். நண்டுக் கறி, கத்தரிக்காய்ப் பிரட்டல், பாற்சொதி. அவர் மனைவி இலையில் இடம் இருக்கும்வரை பரிமாறினார். நான் நண்டை உடைத்துக்கொண்டே ரவியைக் கவனித்தேன். கேப்டன் உட்காரும்வரை உட்காரவில்லை. கேப்டன் பேசும்போது வாயில் இருந்ததை மெல்லக்கூட இல்லை.

"ரவி நல்ல பெடியன். மரியாதை தெரிஞ்சவன்," என்றார் கேப்டன். சோறு போடும்போது ஒரு தடவை, தயிர் வரும்போது இன்னொரு தடவை அதையே சொன்னார். மரியாதை தெரிந்தவன் என்று ஒருமுறை சொன்னால் பாராட்டு. திரும்பத் திரும்பச் சொன்னால் எதையோ ஞாபகப்படுத்துகிறார்.

பேச்சு என் உத்தியோகத்துக்கு வந்தது. நான் வேகப்பூட்டைப் பற்றிச் சொன்னேன். "உங்க வண்டிக்கு மட்டும் எல்லையே கிடையாதா? தொள்ளாயிரம் என்கிறார்களே, அதைக் கொஞ்சம் குறைத்து மெதுவாகப் போனால் என்ன?"

கேப்டன் சந்தோஷமாகச் சிரித்தார். கைகழுவிவிட்டு வந்து இரண்டு உள்ளங்கையையும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக, அகலமாக விரித்துப் பிடித்தார்.

"இங்க பாருங்கோ. மேல் கை, ரொம்ப வேகமாப் போனா பிளேன் உதறத் தொடங்குற வேகம். கீழ் கை, ரொம்ப மெதுவாப் போனா இறக்கை தாங்காமல் விழுற வேகம். தரைக்குக் கிட்டப் பறக்கேக்க நடுவில இவ்வளவு இடம் இருக்கு. மேல போகப் போகக் காற்று மெல்லிசாகும். மெல்லிசுக் காற்று தாங்க வேணுமெண்டா இன்னும் வேகம் வேணும், கீழ் கை ஏறி வரும். மேல் கை இறங்கி வரும்." இரண்டு கைகளும் நெருங்கி நெருங்கி, நடுவில் ஒரு விரல்கடை இடைவெளியில் நின்றன. "உச்சத்தில இவ்வளவுதான். இந்த இடுக்குக்குள்ளதான் நாங்க தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு போறம்."

என் முப்பது வருஷ நம்பிக்கை அந்த இடுக்கில் மாட்டிக்கொண்டது. மெதுவாகப் போனால் விழுமா?

"அப்படி யாராவது மெதுவாகப் போய் மாட்டியிருக்கிறார்களா?" என்று கேட்டேன். சத்தியமாக எதையும் மனதில் வைத்துக் கேட்கவில்லை.

ரவியின் கை தம்ளரோடு பாதியில் நின்றது. கேப்டன் கைகளை இறக்கிக்கொண்டார். அவர் மனைவி உள்ளே போனார்.

"காற்று இருக்கே," என்றார் கேப்டன், "அது சொல்லிக்கொண்டு வராது. அதை யாரும் ஒண்டும் செய்யேலாது. என்ன ரவி?"

ரவி தலையை அசைத்தான் என்றும் சொல்ல முடியாது, அசைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. "திங்கட்கிழமை ஒரு சின்ன விசாரணை, வெறும் சம்பிரதாயம். அது முடிஞ்சா இவன் பழையபடி பறப்பான். கல்யாணத் தேதியைப் பாருங்கோ," என்று கேப்டன் என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டில் எனக்கு நண்டு ஜீரணமாகவில்லை.

திரும்பும் வழியில் ரவிக்குக் கவனம் ரோட்டில் இல்லை. சிக்னல், லோரி எதையும் சொல்லவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் திரும்பாமல் துறைமுகத்துப் பக்கம் போய்விட்டான்; பண்டமாரான் என்ற இடத்தில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டபோதுதான் வழி தவறியது அவனுக்கே தெரிந்தது.

"நிறுத்துங்க தம்பி," என்றேன்.

ஒரு மரத்தடியில் செண்டோல் வண்டி நின்றது. தேங்காய்ப்பாலில் பச்சைப் புழு மாதிரி எதையோ போட்டு, கருப்பட்டிப் பாகும் ஐஸும் ஊற்றிக் கொடுத்தார்கள். நான் அந்தப் புழுக்களை நம்பவில்லை, கரண்டியால் ஒதுக்கிவிட்டுப் பாலை மட்டும் குடித்தேன். பிறகு நேரடியாகவே கேட்டேன்: "லீவு இல்லை என்று எனக்குத் தெரியும். என்ன நடந்தது?"

அவன் மறுக்கவில்லை. கேட்பதற்காகக் காத்திருந்தவன் மாதிரிதான் இருந்தான்.

"தோக்கியோ போயிட்டிருந்தோம் அங்கிள். நானும் கேப்டன் அங்கிளும். பிளேன் நெறைய ஆளு, டேங்க் நெறைய எண்ணெய். முன்னால பெரிய மேகக் கூட்டம். அதுக்கு மேல ஏறிடலாம்னாரு. எண்ணெய் கொஞ்சம் எரிஞ்சு லேசான பொறவுதான் அந்த ஒயரத்துக்குப் போகணும். எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஏறச் சொல்லி ஆட்டோபைலட்டுக்குக் கொடுத்துட்டாரு. அது சொன்ன பேச்சைக் கேக்கும், ஏறிக்கிட்டே இருக்கும். ஏற ஏற ஸ்பீட் கொறையுது. என்ஜின் முழுசா இழுக்குது, அந்தக் காத்துல அதுக்கு மேல அதுக்குச் சக்தி இல்ல."

"அவர் பார்க்கவில்லையா?"

"ரேடியோவுல பேசிட்டிருந்தாரு. நான் பாத்தேன். ஸ்பீட் முள்ளு கீழ வந்துக்கிட்டே இருக்கு. பாத்திருப்பாருன்னு நெனச்சேன். பாக்கலைன்னாலும் எப்படிச் சொல்றது? அப்பா செத்தப்ப எனக்கு ஸ்கூல் சப்பாத்து வாங்கிக் கொடுத்தவரு. நான் பைலட் ஆனதே அவராலதான். அவருக்கு நான் சொல்லிக் கொடுக்கிறதா?" கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தான். "ஸ்டீரிங் கையில நடுங்க ஆரம்பிச்ச பொறவுதான், அங்கிள், ஸ்பீட்னு சொன்னேன். அதையும் மெதுவாத்தான் சொன்னேன்."

விமானம் உதறிக்கொண்டு மூக்கைக் கவிழ்த்திருக்கிறது. கேப்டன் கெட்டிக்காரர், உடனே மூக்கைக் கீழே அமுக்கிப் பிடித்து, உயரத்தை விட்டுக்கொடுத்து வேகத்தை வாங்கியிருக்கிறார். கீழே பாயும்போது மேல் கை, கூடுதல் வேகத்தின் எல்லை, வேறு காத்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் பிடித்து நிறுத்திவிட்டார். ஆனால் அதற்குள் காப்பித் தள்ளுவண்டியோடு நின்ற ஒரு பணிப்பெண் கூரையில் போய் அடித்து விழுந்திருக்கிறாள்.

"தோள்பட்டை ஒடைஞ்சிருச்சு. கையத் தூக்க முடியல. இனிமே அந்த வேலைக்கு வர முடியாதுன்னு சொல்றாங்க. என்கூடப் பயிற்சி எடுத்த பொண்ணு அங்கிள்."

எனக்குப் பழரசம் கொடுத்த பெண்ணின் முகம் ஞாபகம் வந்தது. தம்ளரைத் திருப்பிக் கொடுத்தது உறுத்தியது.

விசாரணை முடியும்வரை இரண்டு பேரும் பறக்கக் கூடாதாம். திடீரென்று ஒரு காற்று மோதியது, அவ்வளவுதான் என்று கேப்டன் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டாராம். பைலட் அறையில் பேசிய பேச்சின் பதிவு, விமானம் தொடர்ந்து பறந்ததில் தானாக அழிந்துவிட்டது. வேகம் குறைந்தது கருவியில் இருக்கும். ஏன் குறைந்தது, யார் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது என்பது இருக்காது. திங்கட்கிழமை ரவியும் போய்க் காற்று என்று சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் கேப்டனின் பெயர் போகும். பார்த்தும் சொல்லாமல் இருந்ததற்காக இவன் வேலையும் போகலாம்.

குடியில்லை, பைத்தியம் இல்லை என்றதும் எனக்கு உயிர் வந்தது. உலகம் தெரிந்தவன் பேசுகிற மாதிரி பேசினேன். "தம்பி, விழவில்லை இல்லையா? யாரும் சாகவில்லை. காற்று என்று சொல்லிவிட்டு வாங்க. அவர் பெரிய மனுஷன், உங்களைத் தூக்கிவிட்டவர். வேலை போய்விட்டால் நான் எதை நம்பி மீனாவைக் கொடுப்பது? சொல்கிறதைக் கேளுங்க."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். வந்த நாள் முதல் அவன் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

"இல்ல அங்கிள். நீங்க சொல்றது தப்பு."

என் எதிரில் யாரும் அப்படிச் சொல்லிப் பல வருஷம் ஆகிறது.

"காத்துன்னு நானும் சொல்லிட்டா, அதோட கதை முடிஞ்சிரும். என் சீட்டுல நாளைக்கு வேற ஒருத்தன் உக்காருவான். அவனும் அவரை அங்கிள்னுதான் கூப்பிடுவான். அவனும் முள்ளைப் பாத்துக்கிட்டுச் சும்மா இருப்பான். அன்னைக்குக் கேப்டன் அங்கிளுக்கு மூக்கை அமுக்க நேரம் இருக்குமா? நீங்க லைசென்ஸ் கொடுக்கிறவங்க. பாத்தும் சொல்லாம ஒக்காந்திருந்தவனைப் பாஸ் போடுவீங்களா?"

காரில் ஏறினோம். பிரிக்ஃபீல்ட்ஸ் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். கோபம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தொழில் புத்தி போகுமா: அழகாகப் பேசுகிறானே, எனக்காகப் பேசுகிறானோ என்று ஒரு சந்தேகம். மரத்தடியில் பேசுவது எல்லாராலும் முடியும். திங்கட்கிழமை அந்த அறைக்குள் போய்ச் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பாக்கியம் அழுதார். மகனிடம் பேசவில்லை, என்னிடம், "நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே," என்றார். நான், "எனக்கு இந்தத் தோசைக்கு இன்னும் கொஞ்சம் சட்னி வேணும் தங்கச்சி," என்றேன்.

திங்கட்கிழமை சுபாங்கில் அவர்கள் கம்பெனி ஆபீஸுக்கு நானும் கூடவே போனேன். மாலையில் எனக்கு விமானம், அப்படியே போய்விடுகிறேன் என்று சாக்கு. ரவி உள்ளே போனான். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கேப்டனும் வந்தார், என்னைப் பார்த்துக் கையசைத்துவிட்டு உள்ளே போனார். பின்வாசல் வேறு இருக்கிறதா என்று ஒருமுறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இருந்தது. அதுவும் என் கண்ணில் படும்படி பெஞ்சை மாற்றி உட்கார்ந்தேன்.

வெகுநேரம் கழித்துக் கேப்டன்தான் முதலில் வந்தார். தொப்பி கையில் இருந்தது. சனிக்கிழமை பார்த்த மனிதர் இல்லை, வயதானவர் ஒருவர் நடந்து வந்தார். எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. அந்த நண்டுக் கறியை நான் சாப்பிட்டவன். என் எதிரில் வந்து நின்றார்.

"உங்கட மருமகனுக்கு முதல்ல மரியாதையைச் சொல்லிக் குடுங்கோ," என்றார். என் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

ரவி என்ன சொன்னான் என்று எனக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்தப் பயணத்தில் சந்தேகமே இல்லாமல் நான் நம்பிய ஒரே சாட்சி கேப்டன்தான்.

ரவி வந்தான். முகம் வெளுத்திருந்தது. வேலை இருக்குமா என்று இப்போது சொல்ல மாட்டார்களாம். என் பெட்டியை வாங்கிக்கொண்டு வாசல்வரை வந்தான். "மீனாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடுங்க அங்கிள். மறைக்க வேணாம்," என்றான். நான் தலையை மட்டும் ஆட்டினேன். டெஸ்ட் முடிந்ததும் முடிவை அங்கேயே சொல்வது என் வழக்கம் இல்லை.

திரும்பி வரும்போதும் கேப்டன் ஒருவர் உயரத்தையும் வேகத்தையும் அறிவித்தார். நான் இரண்டு உள்ளங்கையையும் முகத்துக்கு நேரே கிட்டக் கொண்டுவந்து, நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கும் என்று பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரர் நான் சாமி கும்பிடுவதாக நினைத்துத் தானும் கும்பிட்டார். நான் தடுக்கவில்லை. முன்னால் அந்த அறையில், வலது பக்கத்தில் துணை பைலட் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவன் வாயைத் திறக்கிறவனாக இருக்க வேண்டும் என்று எனக்கும் ஒரு வேண்டுதல் இருந்தது.

உறையூரில் சரோஜா வாசலிலேயே நின்றாள். மீனா கதவுக்குப் பின்னால் நின்றாள். வளையல் சத்தம் கேட்டது. நடந்த எல்லாவற்றையும் சொன்னேன், வேலை நிச்சயம் இல்லை என்பது வரை, கதவுக்குப் பின்னாலும் கேட்கிற குரலில். சரோஜாவுக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. கடைசியில் எல்லா அம்மாக்களும் கேட்பதைக் கேட்டாள்.

"அதெல்லாம் இருக்கட்டும்ணே. பையன் பெரியவங்ககிட்ட மரியாதையா நடந்துக்குவானா?"

"மாட்டான்," என்றேன். "வாயைத் திறக்க வேண்டிய நேரத்துல அந்தக் கேப்டன்னும் பார்க்க மாட்டான், இந்த மாமன்னும் பார்க்க மாட்டான். மீனாவுக்குச் சம்மதம்னா தட்டு மாத்திடலாம்."

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது. பிறகு மீனாவே வெளியே வந்தாள்.